தீத்திய கை

இந்தப் பனி நாட்டில் எங்கள் சனம் குடியேறிய ரூஜ் பக்கத்தில் பிள்ளை சாப்பிடுதில்லை என்று எந்தத் தாய் மூக்கைச் சிந்தினாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: யூஜினி அன்ரியிடம் கொண்டுபோய் விடு. பதினேழு வருடங்களாக அந்தப் பெயர் அசையாமல் நின்றது. வேறு எதற்கும் அவளுக்குப் பெயர் கிடையாது. வீட்டோடு நடத்திய அந்தப் பிள்ளைப் பராமரிப்பு இடத்தில் விளையாட்டுச் சாமான்கள் முக்கால்வாசி உடைந்தவை. பாட்டு, படம் கீறுதல் எல்லாம் மனமிருந்தால் நடக்கும். பனி கொட்டத் தொடங்கினால் சித்திரை மாதம் வரைக்கும் பிள்ளைகள் வெளிவாசலை எட்டிப் பார்க்க முடியாது, சளி பிடித்துவிடும் என்பாள். ஆனால் அவள் கையால் தீத்தினால் வாய் திறக்காத பிள்ளை இல்லை. ஊட்டிவிடுவதை எங்கள் ஆட்கள் தீத்துவது என்றுதான் சொல்வார்கள்.

அவள் தீத்துவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் ஐந்து பிள்ளைகளையும் நிலத்தில் அரைவட்டமாக இருத்துவாள். எதிரே டப்லெட் திரையில் ஏதோ ஒரு பன்றிக்குட்டியோ நாய்க்குட்டியோ துள்ளிக்கொண்டிருக்கும். சோறு, பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, மேலே தாராளமாகப் பட்டர், எல்லாம் ஒரே சட்டியில் குழைந்திருக்கும். பிள்ளைகள் படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கப் பிளக்க, அவள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒவ்வொரு வாயாகப் போட்டுக்கொண்டே போவாள். உதட்டை மூடுகிற பிள்ளைக்கு வேறு மருந்து இருந்தது. இது அம்மாவுக்கு ஒரு வாய், இது அப்பாவுக்கு ஒரு வாய். அம்மாவும் அப்பாவும் முடிந்தால் லண்டனில் இருக்கிற மாமா வருவார், பரிஸில் இருக்கிற சித்தி வருவா, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் சனத்துக்கு வெளிநாட்டுச் சொந்தத்துக்கா பஞ்சம்? சட்டியின் அடி தெரியும்வரைக்கும் ஒரு வாயும் மூடக்கூடாது.

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பதினொரு குடும்பங்களோடு கிடந்தவள் அவள். கஞ்சிக்கு வரிசையில் நின்று வாங்கி வந்ததை அக்காவின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை இன்னும் கேட்டு அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை, போதும் என்று வாயை மூடினாலும் அவள் காதில் அது விழவே இல்லை.

துர்க்கா அவளிடம் வந்தபோது பதினான்கு மாதம். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். தாய் நிரூபா பக்கத்து நகரமான மார்க்கத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவள், தகப்பன் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுபவன். பிள்ளை ஒரு கரண்டி சாப்பிடுவதற்குள் தாய் இரண்டு தரம் அழுதுவிடுவாள் என்ற நிலைமை. ஆறே மாதத்தில் யூஜினி அந்தப் பிள்ளையின் கன்னத்தில் சதை வைத்தாள். ஒரு வருடத்தில் மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. மூன்றாவது பிறந்தநாளுக்கு எடுத்த படத்தை நிரூபா ஊரிலுள்ள மாமியாருக்கு அனுப்பினாள். மாமியார் தொலைபேசியில் முதல்தடவையாக மருமகளை மெச்சினா. அன்று பின்னேரம் நிரூபா யூஜினிக்கு ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தாள்.

துர்க்காவுக்கு இப்போது நாலு வயது, இருபத்தேழு கிலோ. பூங்காவில் சறுக்குமரம் ஏறுகிற படியில் மூன்றாவது படியோடு நின்றுவிடுவாள். உறங்கும்போது ஒரு பெரிய ஆம்பிளையைப் போலக் குறட்டை விடுவாள். அதையெல்லாம் யூஜினி ஆரோக்கியம் என்றே எடுத்திருந்தாள், நிரூபாவும் அப்படித்தான். மாசி மாதத்தில் நிரூபா பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோதுதான் விசயம் வெளியே வந்தது. உறக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். உள்நாக்கடிச் சதையும் ஒரு காரணம், உடம்பின் நிறையும் ஒரு காரணம். இப்படியே போனால் பள்ளிக்கூடம் போகமுதலே மூச்சுக்கு முகமூடி போட்டு உறங்கவைக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இப்பவே மறித்தால் மறிக்கலாம், ஆறு வயதில் இது இன்னும் கடினம் என்றும் சொல்லியிருந்தார். பிறகு, பகல் முழுக்க பிள்ளை எங்கே இருக்கிறாள், யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று கேட்டாராம்.

நிரூபா இதை வாசலில் நின்று, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். யூஜினியின் முகம் கறுத்துவிட்டது. அந்த டொக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். மார்க்கத்தில் தன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் வாற மாதம் முதலாம் திகதியிலிருந்து இடம் இருக்கிறது என்றும், அங்கே பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் இரண்டு நேரம் வெளியே கூட்டிப்போகிறார்கள் என்றும், தீத்திவிடுவது கிடையாது என்றும் நிரூபா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தனக்கு மனம் இல்லை, ஆனால் பிள்ளையின் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் கிடந்து கேட்க முடியவில்லை என்றாள்.

பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளையும் யூஜினியின் கையை விட்டு அப்படிப் போனதில்லை. ஒரு துர்க்கா போனால் ரூஜ் முழுக்கக் கதை போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதைவிட அவளுக்கு வலித்தது வேறொன்று. அந்தப் பிள்ளையை அவள் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள்தான் ஷரோன் வந்தாள். வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்களை மேற்பார்வை செய்யும் ஏஜென்சியிலிருந்து மாதத்துக்கு ஒருக்கால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, முப்பது வயது. கலியாணம் கட்டவில்லை, பிள்ளை பெறவில்லை, ஆனால் பிள்ளை வளர்ப்பில் கரைகண்டவள் என்பது யூஜினியின் அபிப்பிராயம். ஷரோன் அரைவட்டத்தையும் சட்டியையும் டப்லெட்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். சின்ன மேசை போடுங்கள் என்றாள். சோறு தனி, கறி தனி, மரக்கறி தனி, பழம் தனி, சின்னக் கிண்ணங்களில். கரண்டியைப் பிள்ளை பிடிக்கட்டும். டப்லெட்டை மூடுங்கள். காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் உடுப்பைச் சுற்றி வெளியே கூட்டிப்போங்கள், குளிர் ஒருவரையும் தின்னாது என்றாள். இரண்டு கிழமை செய்துபார்க்கச் சொன்னாள்.

"என்ன சாப்பாடு, எத்தினை மணிக்கு எண்டது உங்கட வேலை அன்ரி. எவ்வளவு எண்டது பிள்ளையின்ர வேலை. அதுக்குள்ள நீங்கள் கை வைக்காதேங்கோ."

யூஜினி தலையாட்டினாள். நம்பி ஆட்டவில்லை, துர்க்காவை வைத்திருக்க வேறு வழி தெரியாமல் ஆட்டினாள். நிரூபாவிடம் இரண்டு கிழமை தவணை கேட்டாள். நிரூபா முதலாம் திகதி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னாள். மார்க்கத்துக்காரருக்கு இன்னும் பதில் கொடுக்கவில்லையாம்.

திங்கட்கிழமை மேசை போட்டாயிற்று. மற்ற நாலு பேரும் அரை மணித்தியாலத்தில் அதைத் திருவிழாவாக்கிவிட்டார்கள். ஒருவன் பருப்பைத் தண்ணீர்க் குவளைக்குள் ஊற்றினான். இன்னொருத்தி கரட்டை மட்டும் தேர்ந்து தேர்ந்து தின்றாள். நிலமெல்லாம் சோறு. ஆனாலும் அவரவர் வயிற்றுக்கு ஏதோ போனது, போதுமென்றதும் எழும்பி ஓடினார்கள். துர்க்கா மட்டும் அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யூஜினியின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தபடி இருந்தாள். கரண்டி அவளுக்கு முன்னால் கிடந்தது. யூஜினி அதை எடுத்து அவள் கையில் வைத்தாள். பிள்ளை அதைத் திருப்பி அன்ரியிடம் நீட்டினாள்.

செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை இரண்டு துண்டு வாழைப்பழம் எடுத்தாள், அதையும் எடுத்துவிட்டு, சாப்பிடலாமோ என்று யூஜினியைப் பார்த்தாள். காலையில் வெளியே கூட்டிப்போனபோது மட்டும் கொஞ்சம் சிரித்தாள், பனி கரைந்த தண்ணீரில் காலை அடித்தாள். மத்தியானம் மறுபடி அந்தத் திறந்த வாய். பசித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறவர்கள் என்ன படிப்புப் படித்தார்களோ என்று யூஜினி மனதுக்குள் ஷரோனைத் திட்டினாள். அன்று இரவுச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவளால் முடியவில்லை. மற்றப் பிள்ளைகளை மேசையில் விட்டுவிட்டு துர்க்காவை மட்டும் குசினிக்குள், அடுப்படிக்கு, கூட்டிப்போனாள். மேசையைப் பார்த்தபடியே கதவோரம் நின்று, ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் பட்டரும் போட்டுக் குழைத்தாள். முதல் வாயைப் பிள்ளை வாங்கியபோது அவளுக்குக் கண் கலங்கியது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இறக்கிவைத்ததுபோல இருந்தது. இரண்டு, மூன்று, பத்து. கிண்ணம் காலியாயிற்று. பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். இன்னும் பசிக்கிறதாக்கும் என்று மறுபடி குழைத்தாள். அதுவும் முடிந்தது. பிள்ளை வாயை மூடவில்லை. மூன்றாவது தரம் பாதிக்கு வந்தபோது துர்க்காவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதை யூஜினி கண்டாள். மூச்சை மூக்கால் இழுத்து இழுத்து விழுங்கினாள் பிள்ளை. விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

யூஜினியின் கை பாதியில் நின்றது. பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"உனக்குக் காணுமோ பிள்ளை? வயிறு நிறைஞ்சிட்டுதோ?"

துர்க்கா யோசித்தாள். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. அன்ரிக்குத்தான் தெரியும்."

கதவோரத்தில் அப்படியே நின்றுவிட்டாள் யூஜினி. சோறு கையில் காயும்வரை அவளுக்குக் கையைக் கழுவத் தோன்றவில்லை. துர்க்கா போய் ஒரு மூலையில் சாய்ந்து படுத்துவிட்டாள். அன்று பின்னேரம் வெளியே போக அவள் எழும்பவில்லை.

ஐந்து மணிக்கு நிரூபா வந்து, எப்படி, இன்றைக்கு ஏதாவது எடுத்தாளா என்று கேட்டாள். முகத்தில் மூன்று நாள் கவலை அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து யூஜினியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. தானே அள்ளிச் சாப்பிட்டாள் என்றாள். சொல்லும்போது நாக்குக் கூசவில்லை, பிறகுதான் கூசியது. நிரூபா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மார்க்கத்துக்காரருக்கு இடம் வேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். யூஜினி கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆறு மணிபோல மகன் றொய்சன் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை முடிந்து வந்தான். இருபத்தாறு வயது. படியேறினால் மூச்சு வாங்கும். போன வருடம் சீனி வருத்தம் என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அது இந்த நாட்டுச் சாப்பாட்டால் வந்தது, வேலையிடத்துப் பொரியலாலும் சோடாவாலும் வந்தது என்று யூஜினி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளும் அதைத்தான் நம்பினாள். அவள் புட்டும் கறியும் போட்டுக் கொடுத்தாள். அவன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். முடிந்ததும் அவள் பழக்கத்தில் இன்னும் இரண்டு அகப்பை போட்டாள். அவன் தட்டைப் பார்க்கவே இல்லை, அதையும் சாப்பிடத் தொடங்கினான்.

"அப்பன், உனக்குப் பசிச்சே சாப்பிடுறாய்?"

"நீங்கள் போட்டியள், சாப்பிடுறன்."

"நான் அதைக் கேக்கேல்லை."

றொய்சன் தொலைபேசியைக் கீழே வைத்தான். முதல்தடவையாகத் தட்டைப் பார்த்தான்.

"டொக்டரும் இதைத்தான் கேட்டவர், அம்மா. சாப்பிடேக்க பசியோட இருக்கிறியோ எண்டு. ஓம் எண்டு பொய் சொன்னன். பசி எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. சின்னனிலயும் தெரியாது."

அவன் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளில் பிழையில்லை, அவள் நல்லாய்த்தான் பார்த்தாள் என்று அவசரமாகச் சொன்னான். அவன் ஏசியிருந்தால் அவள் எதிர்த்து ஏசியிருப்பாள், அவளுக்கு அது கைவந்த கலை. அவன் மன்னித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கழுவுகிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையிடமிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று இருபத்தாறு வருடம் கழித்துத் தெரிந்தால் ஒரு தாய் வேறு என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நிரூபா பிள்ளையோடு வந்தபோது யூஜினி வாசலிலேயே மறித்தாள். நேற்றுச் சொன்னது பொய் என்றாள். குசினிக்குள் கூட்டிப்போய்த் தீத்தியதையும், பிள்ளை கண்ணீரோடு விழுங்கியதையும், பிள்ளை சொன்ன பதிலையும், றொய்சன் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மார்க்கத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லாதே, உனக்கு விருப்பமென்றால் இன்றைக்கே கொண்டுபோ என்றாள். றொய்சனை நிரூபாவுக்குத் தெரியும். பின்னேரங்களில் அவன் படியேறி மேல்மூச்சு வாங்க நிற்பதை எத்தனையோ நாள் கண்டிருக்கிறாள். நிரூபா சப்பாத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படிக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள். துர்க்கா தாயின் மடியில் வந்து ஏறினாள்.

"அன்ரி, நானும் ஒண்டு சொல்லவேணும்" என்றாள் நிரூபா. "தானே சாப்பிட்டவ எண்டு நீங்கள் சொன்ன சந்தோஷத்தில, நேற்று வீட்டை போன உடன நான் ஒரு கோப்பை சோறு குழைச்சுத் தீத்தினனான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் அது. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நிரூபா எழும்பி வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு வரமுடியாது என்றாள். மார்க்கத்துப் பிள்ளைகள் நிலையத்துக்கு அவள் எடுக்கவில்லை. மத்தியானம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு மேசை போட்டார்கள். மற்ற நாலு பேரும் தங்கள் பாட்டில் இறங்கினார்கள். துர்க்காவின் ஒரு பக்கத்தில் யூஜினி, மறுபக்கத்தில் நிரூபா. இருவரும் சின்னக் கதிரைகளில் குந்தி, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை முதலில் அன்ரியைப் பார்த்து வாயைத் திறந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துத் திறந்தாள். ஒரு கையும் வரவில்லை. நிரூபா பல்லைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். துர்க்கா வாயை மூடினாள். சோற்றுக் கிண்ணத்தை இழுத்து இரண்டு கரண்டி தன் தட்டில் போட்டாள், மேலே பருப்பு ஊற்றினாள், பாதி மேசையில் கொட்டியது. முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்கிறவள் மாதிரி அசையாமல் இருந்தாள். பிறகு இன்னொன்று. ஒரு துண்டுக் கரட். மறுபடி சோறு. கடைசியில் கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல் கதிரையிலிருந்து இறங்கி, மற்றப் பிள்ளைகள் கட்டை அடுக்குகிற இடத்துக்கு நடந்து போனாள்.

தட்டில் கொஞ்சச் சோறு மிஞ்சிக் கிடந்தது. நிரூபாவின் கை தானாகவே எழும்பி, அதை ஒன்றாகக் கூட்டி உருட்டத் தொடங்கியது. யூஜினி அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"விடுங்கோ அன்ரி, ரெண்டு வாய்தான் கிடக்கு" என்றாள் நிரூபா.

யூஜினி விடவில்லை.

"றொய்சனுக்கும் ஒவ்வொரு நாளும் ரெண்டு வாய்தான் மிஞ்சிக் கிடந்தது, பிள்ளை."